ரன்வே படத்துலேர்ந்து ஆரம்பிங்க: நேவல் ஏர்ஃபீல்டு ஞாபகங்கள எழுதி வைக்கறது எப்படி

போன மாசம் அரக்கோணம் கேன்டீன் க்யூவுல நின்னுட்டிருந்தேன், எனக்குப் பின்னாடி ஒரு பொண்ணு, நகரிலேர்ந்து பஸ் புடிச்சு வந்துருக்கு, அவங்க அப்பா நேவில ஏர்கிராஃப்ட் ஹேண்ட்லரா இருந்து ரிட்டயர் ஆனவராம். நான் டவர்ல இருந்தவன்னு பேச்சுவாக்குல தெரிஞ்சதும் கேட்டுச்சு, "அங்கிள், எங்கப்பா சொல்றத எல்லாம் எழுதி வைக்கணும்னு ரெண்டு வருஷமா ட்ரை பண்றேன், கேட்டா என்னத்தம்மா சொல்றது, போனோம் வேல பாத்தோம் வந்தோம்னு ஒரே வரில முடிச்சிடறாரு, எப்படித்தான் கேக்கறது?" க்யூ நகர்றதுக்குள்ள கொஞ்சம் சொன்னேன், மிச்சத்த இங்க எழுதறேன். திருத்தணி, பள்ளிப்பட்டு, நகரி, புத்தூர், சோளிங்கர்னு இந்த பார்டர் ஏரியாவுல நேவில இருந்துட்டு வந்தவங்க வீடு தெருவுக்குத் தெரு இருக்குது, அவங்க புள்ளைங்க எல்லாருக்கும் இது உதவும்னு நெனைக்கிறேன், இன்னும் நல்லா இருக்கற பெரியவங்க தானே உக்காந்து எழுதறதுக்கும் உதவும்.

நான் 1983ல சேந்தேன், 15 வருஷம் சர்வீஸ், அதுல பெரும்பகுதி கொச்சி ஐஎன்எஸ் கருடாவுலயும் கடைசில நம்ம அரக்கோணம் ஐஎன்எஸ் ராஜாளிலயும், ரெண்டுமே நேவி ஏர்ஃபீல்டு, ஏடிசி டவர்ல, அதாவது ப்ளேன் ஏறி இறங்கறத கட்டுப்படுத்தற டவர்ல அசிஸ்டென்ட். ஆபீசர் மைக்குல பேசுவாரு, நான் பக்கத்துல உக்காந்து லாக் எழுதணும், ஒவ்வொரு ப்ளேனுக்கும் ஸ்ட்ரிப்புங்கற குறிப்புச் சீட்டு போடணும், க்ராஷ் டெண்டருக்கு, அதான் ரன்வே தீயணைப்பு வண்டிக்கு, போன் அடிக்கணும், பைனாகுலர்ல பாத்து சொல்லணும். ஒரு நாலு வருஷமா என் ஞாபகத்த எழுதிட்டு வரேன், என்கூட இருந்த ஏழெட்டு பேரோடதையும் கேட்டு எழுதியிருக்கேன், அதுல கத்துக்கிட்டதுதான் இதெல்லாம்.

மொதல்ல "உங்க அனுபவத்த சொல்லுங்கப்பா"ன்னு கேக்காதீங்க. அது மேடையில மைக்க குடுக்கற மாதிரி ஆயிடும், மனுஷன் தொண்டைய செருமிட்டு தேசம் கடமைன்னு ரெண்டு வார்த்த சொல்லிட்டு நிறுத்திடுவாரு. அதுக்கு பதிலா ஒரு பெரிய வெள்ள சார்ட் பேப்பரும் பென்சிலும் எடுத்து அவர் முன்னாடி வச்சு, "அப்பா நீங்க வேல பாத்த ரன்வேய வரைஞ்சு காட்டுங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு சும்மா இருங்க. கோடு போட ஆரம்பிச்சா போதும், கை தானா போகும், இங்க டவர், இங்க ஹேங்கர், இது டாக்ஸி ட்ராக், இங்கதான் ஃபயர் ஸ்டேஷன், இந்த எடத்துல விண்ட் சாக்னு வரைஞ்சிட்டே பேசுவாரு, அந்தப் பேச்சுதான் உங்களுக்கு வேணும். டவர்ல இருந்தவனுக்கு ஞாபகம் கையிலயும் காதுலயும்தான் இருக்குது, வருஷம் தேதி எல்லாம் அதுக்கப்புறம்தான் வரும், நீங்க தேதியில ஆரம்பிச்சா அவருக்குப் பரீட்சை எழுதற மாதிரி இருக்கும்.

படம் வரையும்போது நீங்க ஒரு ரெண்டு மூணு விஷயம் தெரிஞ்சு வச்சிருந்தா அவருக்கும் சொல்ல இஷ்டம் வரும். ரன்வே நம்பர் எப்படி வருதுன்னா, அந்தப் பாதை காந்த வடக்குலேர்ந்து எத்தன டிகிரி திரும்பியிருக்குன்னு பாத்து கடைசி சைபர எடுத்துடறது. 170 டிகிரி பாத்து ஓடற ரன்வே 17, அதே ரன்வேய எதிர் முனையிலேர்ந்து பாத்தா 350, அதனால அந்தப் பக்கம் 35. கொச்சில அந்த 17 - 35 ரன்வேயும் அத குறுக்கால வெட்டிக்கிட்டு இன்னொரு ரன்வேயும் உண்டு. ப்ளேன் முடிஞ்ச வரைக்கும் காத்துக்கு எதிர்முகமா ஏறும், எதிர்முகமா இறங்கும், அதனால காலையில டவருக்கு போனதும் மொத கேள்வியே காத்து எங்கேர்ந்துதான். உங்கப்பாகிட்ட "அன்னிக்கு எந்த ரன்வே ஆக்டிவ்?"னு கேட்டுப் பாருங்க, காத்து ஞாபகம் வரும், காத்து வந்தா மழை வரும், மழை வந்தா மாசம் தானா வந்துடும்.

அடுத்தது சர்க்யூட். ஏறினதும் ஒரு திருப்பம், அது க்ராஸ்விண்ட், இன்னொரு திருப்பம் திரும்பி ரன்வேக்கு பக்கவாட்டுல எதிர் திசையில போறது டவுன்விண்ட், அப்புறம் பேஸ், அதுக்கப்புறம் நேரா ரன்வேய பாத்து வர்றது ஃபைனல். செவ்வகமா ஒரு கட்டம் மாதிரி. ட்ரெய்னிங் பைலட் ஒருத்தர் இதையே ஒரு காலையில பத்து பதினஞ்சு தடவ சுத்துவாரு. இந்தக் கட்டத்தயும் அந்த சார்ட்லயே புள்ளிக்கோடா போட்டு வச்சுக்கோங்க. அப்புறம் அவரு "டவுன்விண்ட்ல இருக்கும்போது ஒரு இஞ்சின் இருமுச்சு"ன்னு சொன்னா நீங்க விரல வச்சு "இங்கயா?"ன்னு கேக்கலாம், பாருங்க அவரு முகம் எப்படி மாறுதுன்னு.

தேதி புடிக்கறதுக்கு ஒரு வழி இருக்கு. நேரடியா "எந்த வருஷம்?"னு கேட்டா தப்பா சொல்வாங்க, நானே தப்பா சொல்லியிருக்கேன். பெரிய சம்பவங்கள கொக்கி மாதிரி போடுங்க. விராட், அதான் ப்ளேன் ஏறி இறங்கற பெரிய கப்பல், நம்ம நேவில சேந்தது 1987 மே, அதுக்கு முன்னாடியா பின்னாடியா? இலங்கைக்கு நம்ம படை போனது 1987 ஜூலை, திரும்பினது 1990 மார்ச், அப்ப நீங்க கொச்சியா கோவாவா? டுபோலெவ் ப்ளேன், அதான் டியு 142, கோவாவுக்கு வந்தது 1988, நீங்க அதப் பாத்தீங்களா? ராஜாளி கமிஷன் ஆனது 1992 மார்ச் 11, ஜனாதிபதி ஆர். வெங்கட்ராமன் வந்தாரு, அன்னிக்கு நீங்க பரேட்ல நின்னீங்களா? நெடும்பாசேரில புது ஏர்போர்ட் வந்தது 1999, அது வரைக்கும் கொச்சிக்கு வந்த பயணிகள் விமானம் எல்லாம் நேவி ரன்வேல, வெலிங்டன் தீவுலதான் இறங்கிச்சு, அதனால கொச்சில இருந்தவங்கள்ட்ட "இந்தியன் ஏர்லைன்ஸ் வர்ற நேரத்துல என்ன பண்ணுவீங்க?"ன்னு கேட்டா தனியா ஒரு அத்தியாயமே கெடைக்கும். இதோட வீட்டு விஷயத்தையும் சேத்துக்கோங்க, பெரிய பொண்ணு பொறந்தது, தங்கச்சி கல்யாணம், நம்ம ஊர்ல போர்வெல் போட்ட வருஷம். வீட்டுல அம்மா இருந்தா அம்மாவையும் பக்கத்துல உக்கார வைங்க, எந்த லீவுல வந்தாரு எந்த லீவு கேன்சல் ஆச்சுன்னு அம்மாவுக்குத்தான் கரெக்டா தெரியும். டிஸ்சார்ஜ் புக் பீரோவுல இருக்கும், அதுல எந்த யூனிட்டுல எப்பலேர்ந்து எப்ப வரைக்கும்னு போட்டிருக்கும், அத ஒரு தடவ எழுதி சார்ட்டுக்குப் பக்கத்துல ஒட்டிடுங்க. அப்பா பைலட்டாவோ ஏர்க்ரூவாவோ இருந்திருந்தா ஃப்ளையிங் லாக் புக் இருக்கும், அது பொக்கிஷம், ஒவ்வொரு சார்ட்டியும், அதாவது ஒவ்வொரு தடவ பறந்ததும், தேதி, ப்ளேன் நம்பர், எவ்வளவு நேரம்னு வரிவரியா இருக்கும்.

லாக் புக்ல நேரம் பாக்கும்போது ஒண்ணு கவனிங்க. சில எழுத்து நம்ம டைம்ல இருக்கும், சில எழுத்து சூலு டைம்ல, அதாவது கிரீன்விச் கணக்குல இருக்கும், நம்ம டைம் அதுக்கு அஞ்சர மணி நேரம் முன்னாடி. 0100 சூலுன்னு இருந்தா அது நடுராத்திரி ஒரு மணி இல்ல, நம்ம காலை ஆறர. ஒரு நண்பரோட பையன் இது தெரியாம அப்பா ராத்திரி ராத்திரியா பறந்ததா ரெண்டு பக்கம் எழுதிட்டான், அத்தனையும் விடிகாலை ஃப்ளையிங்.

இப்ப என்னோட ஒண்ண சொல்றேன், எப்படி எழுதலாம்னு காட்டறதுக்காக. கொச்சில ஜூன் மாசம், சாயங்காலம், மழை விட்டு விட்டு அடிக்குது, ரன்வே த்ரீ ஃபைவ் ஆக்டிவ். ஒரு ஐலண்டர், ரெண்டு இஞ்சின் சின்ன ப்ளேன், திரும்பி வரணும், ஆனா ரேடியோல சத்தமே இல்ல. ஆபீசர் ரெண்டு தடவ மூணு தடவ கூப்புடறாரு, வேற ஃப்ரீக்வென்சில கூப்புடறாரு, பதில் இல்ல. எல்லாரும் கண்ணாடி ஓரம் போய் நிக்கிறோம். தெக்கு பக்கம் மேகத்துக்குக் கீழேர்ந்து அது வெளிய வந்துச்சு, டவர பாத்து நேரா வந்து மேல சுத்துது, அதுதான் ரேடியோ போச்சுங்கறதுக்கு அடையாளம். ஆபீசர் திரும்பி "லேம்ப்"னு ஒரே வார்த்த சொன்னாரு. சிக்னல் லேம்ப் மேல கொக்கில தொங்கும், துப்பாக்கி மாதிரி கைப்பிடி, மேல குறி பாக்கறதுக்கு ஒரு சின்ன குழல். அதோட வெளிச்சம் பரவாது, ஊசி மாதிரி போகும், ப்ளேன அந்தக் குழல்ல புடிச்சு கூடவே நகரணும், கொஞ்சம் தவறினா பைலட்டுக்கு ஒண்ணும் தெரியாது. கை வேர்த்து வழுக்குது, கண்ணாடில மழத்தண்ணி ஓடுது, கதவத் தெறந்து பால்கனில போய் நின்னு புடிச்சேன். விட்டு விட்டு பச்ச காட்டினேன், அதுக்கு அர்த்தம் இறங்கறதுக்கு திரும்பி வா. அது சுத்தி ஃபைனல் வந்ததும் நிலையா பச்ச, இறங்கலாம். ரெக்கைய இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டுச்சு, பகல்ல "பாத்துட்டேன்"ங்கறத அப்படித்தான் சொல்லணும், ராத்திரின்னா லேண்டிங் லைட்ட ரெண்டு தடவ போட்டு அணைப்பாங்க. அந்த ரெக்க ஆடினத இப்பவும் கண்ண மூடினா பாக்கறேன். தண்ணிய வாரி அடிச்சுக்கிட்டு வீல் தொட்டுச்சு, ஆபீசர் ஒண்ணும் சொல்லல, என் தோள்ல கைய வச்சுட்டு போய் உக்காந்துட்டாரு.

இத எழுதறதுக்கு நான் மொதல்ல தேதி தேடினேன், கெடைக்கல, நாலு மாசம் எழுதாமயே போச்சு. அப்புறம் லேம்போட கைப்பிடிலேர்ந்து ஆரம்பிச்சேன், அர மணி நேரத்துல எல்லாம் வந்துடுச்சு. வருஷம் பின்னாடி புடிச்சேன், விராட் சேந்த செய்தி வந்து மெஸ்ல ஸ்வீட் குடுத்த அடுத்த மாசம், அதனால 1987 ஜூன். அதனாலதான் சொல்றேன், கையில என்ன புடிச்சிருந்தீங்க, காதுல என்ன கேட்டுச்சு, என்ன நாத்தம் அடிச்சுதுன்னு கேளுங்க. கொச்சின்னா உப்புக் காத்தும் மீன் வாடையும், ஹேங்கர் பக்கம் போனா எரிபொருள் வாடை. ராஜாளின்னா மொத மழை பேஞ்ச மறுநாள் புல்லுலேர்ந்து ஈசல் கெளம்பும், அதத் தின்ன பருந்தும் காக்காவும் ரன்வே மேல வந்து குவியும், பறவைய வெரட்டற ஆளுங்களுக்கு அன்னிக்கு சாப்பாட்டு நேரமே கெடையாது, ஒரு பருந்து இஞ்சினுக்குள்ள போனா என்ன ஆகும்னு அவங்களுக்குத் தெரியும்.

ஆர்டி பேச்ச, அதாவது ரேடியோல பேசினத, மொழிபெயர்க்கவே வேண்டாம். "கிளியர்ட் டு லேண்ட், விண்ட் ட்ரீ ஃபோர் சீரோ, ஒன் சீரோ நாட்ஸ்"னா அப்படியே எழுதுங்க. "தரையிறங்க அனுமதி அளிக்கப்பட்டது"ன்னு எழுதினா அந்த ஆளோட குரலே அதுல இல்லாம போயிடும். நம்பர ஒவ்வொண்ணா சொல்வாங்க, ஒன்பது நைனர், அஞ்சு ஃபைஃப், மூணு ட்ரீ, காத்து எரைச்சல்லயும் குழப்பம் வரக்கூடாதுங்கறதுக்காக. ப்ரஷர பழைய ஆளுங்க மில்லிபார்னுதான் சொல்வாங்க, இப்ப ஹெக்டாபாஸ்கல், ரெண்டும் ஒண்ணுதான், ஆனா அவரு மில்லிபார்னா நீங்க மில்லிபார்னே எழுதுங்க. அது ஏன் முக்கியம்னு ஒரு வரி சேத்துக்கலாம், ப்ளேன்ல உயரம் காட்டற மீட்டர் காத்தோட அழுத்தத்த வச்சுத்தான் கணக்கு போடுது, டவர் குடுக்கற க்யூஎன்எச், அதான் அந்த அழுத்தக் கணக்கு, ஒரு மில்லிபார் தப்பா போச்சுன்னா கிட்டத்தட்ட 30 அடி தப்பு, மேகத்துக்குள்ள இறங்கறவனுக்கு 30 அடிங்கறது உயிர். அதே மாதிரி சீஃப், அதாவது மூத்த மாலுமி, இந்தில திட்டினத இந்திலயே தமிழ் எழுத்துல போடுங்க, மலையாளி நண்பன் மலையாளத்துல சொன்னத மலையாளத்துல போடுங்க. நம்ம பக்கம் பேச்சுலயே பாதி தெலுங்கு கலந்துதான் வரும், அத திருத்தாதீங்க, அவரு பேசறது அப்படித்தான்.

ஜிசிஏ ரேடார்ல இருந்தவங்க யாராச்சும் கெடைச்சா விட்டுடாதீங்க, அந்த வேலை மாதிரி ஒண்ணு ஒலகத்துல இல்ல. மழ மேகம் கீழ இறங்கிடுச்சு, பைலட்டுக்கு ரன்வே தெரியல, அப்ப கீழ இருட்டு ரூம்ல ஒருத்தர் ரேடார் திரையப் பாத்துக்கிட்டே பேசிப் பேசியே ப்ளேன இறக்குவாரு. "இனிமே நீ பதில் சொல்ல வேண்டாம்"னு மொதல்ல பைலட்டுக்கு சொல்லிடுவாரு, அதுக்கப்புறம் இவரு குரல் மட்டும்தான், கொஞ்சம் எடது, சென்டர்லைன்ல இருக்க, க்ளைட்பாத்துக்கு மேல போற, எறக்கத்த கூட்டு, இப்ப சரி, மூணு மைல், ரெண்டர மைல். மூணு டிகிரி சரிவு, ஒரு நாட்டிகல் மைலுக்கு சுமார் 300 அடி எறக்கம். கடைசி மைல்கள்ல அஞ்சு செகண்டு அவரு சத்தம் கேக்கலன்னா பைலட் இறங்கற வேலைய விட்டுட்டு மேல ஏறிடணும், அதனால அவரு மூச்சு விடறதுக்கே எடம் பாத்துத்தான் விடணும். எங்ககூட ஒரு சீஃப் இருந்தாரு, டியூட்டில உக்காரறதுக்கு முன்னாடி ஃப்ளாஸ்க்லேர்ந்து வெந்நீர் ரெண்டு மடக்கு குடிச்சுட்டுத்தான் ஹெட்செட் மாட்டுவாரு, அன்னிக்கு குரல் கரகரன்னு இருந்தா மேல இருக்கறவன் பயந்துடுவான்னு சொல்வாரு. அந்த மாதிரி ஆளுகிட்ட கேள்வி கேக்காதீங்க, "ஒரு தடவ டாக் டவுன் சொல்லிக் காட்டுங்க"ன்னு ரெக்கார்டர போட்டுடுங்க. முப்பது வருஷம் ஆனாலும் குரல் அதே ஏத்த எறக்கத்துல வரும், நான் கேட்டிருக்கேன், எனக்கு ஒடம்பு சிலிர்த்துடுச்சு.

ரெக்கார்ட் பண்றதுல சின்னச் சின்ன விஷயம். நகரி, புத்தூர், பள்ளிப்பட்டு பக்கம் வீட்டுக்கு வீடு பவர்லூம், தறி ஓடும்போது பேசினா ஒண்ணும் கேக்காது, கரண்ட் கட் நேரம் பாத்து உக்காருங்க, மொபைல மடிச்ச துண்டு மேல வைங்க, டேபிள் அதிர்வு வராது. ரன்வே பக்கத்துல வருஷக்கணக்கா வேல பாத்தவங்களுக்கு காது கொஞ்சம் மந்தமா இருக்கும், எந்தக் காது நல்லா கேக்கும்னு தெரிஞ்சுக்கிட்டு அந்தப் பக்கம் உக்காருங்க, கத்தாதீங்க, மொகத்தப் பாத்து மெதுவா பேசுங்க. ஒரு நாளைக்கு நாப்பது நிமிஷம் போதும். அவரு திடீர்னு சும்மா ஆயிட்டா நீங்க அடுத்த கேள்விக்குத் தாவாதீங்க. கூட இருந்த யாரோ ஒருத்தர் திரும்பி வராத நாள் ஒண்ணு எல்லாருக்கும் இருக்குது, அது வெளிய வர்றதுக்கு நேரம் எடுக்கும், வரலன்னா விட்டுடுங்க, அத தோண்டக் கூடாது.

என்ன எழுதக் கூடாதுங்கறதும் முக்கியம். ஃப்ரீக்வென்சி நம்பர், ரேடார் எவ்வளவு தூரம் பாக்கும், ப்ளேன்ல என்ன ஆயுதம் மாட்டியிருந்துச்சு, இப்ப உள்ள எது எங்க இருக்குது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். 1923ம் வருஷத்து அஃபிஷியல் சீக்ரெட்ஸ் ஆக்ட் ரிட்டயர் ஆனவனுக்கும் பொருந்தும். நீங்க வரைஞ்ச அந்த சார்ட் வீட்டுக்குள்ளயே இருக்கட்டும், போட்டோ எடுத்து வாட்ஸப்ல போடாதீங்க, வெளிய குடுக்கற எழுத்துல வெறும் கதை மட்டும் போதும். நேவி பேஸ் சுவர் பக்கத்துல நின்னு போட்டோ எடுக்கறதும் கூடாது. டவரோட அபிஷியல் லாக் எதுவும் யார் வீட்லயும் இருக்கக் கூடாது, இருக்காது.

ஆனா வெளிய எல்லாருக்கும் தெரிஞ்ச வரலாறு நெறைய இருக்கு, அத தாராளமா சேக்கலாம், அப்பதான் பேரப்புள்ளைங்களுக்குப் புரியும். நேவிக்கு மொத ப்ளேன் வந்ததே கொச்சிலதான், 1953 பிப்ரவரி 4, சீலேண்ட், தண்ணிலயும் தரையிலயும் இறங்கற ப்ளேன், அதே வருஷம் மே 11ல ஐஎன்எஸ் கருடா கமிஷன் ஆச்சு. அந்த வெலிங்டன் தீவே காயல்லேர்ந்து தோண்டின மண்ண கொட்டி உண்டாக்கினதுதான், பிரிஸ்டோங்கற இன்ஜினியர் பண்ண வேலை, அதாவது நாங்க ஓடி ஆடின ரன்வே ஒரு காலத்துல தண்ணி. ஹன்சா இப்ப கோவாவுல இருக்குது, ஆனா 1961 செப்டம்பர்ல கமிஷன் ஆனது நம்ம கோயமுத்தூர் பக்கம் சூலூர்ல, கோவா விடுதலைக்கு அப்புறம் அங்க போச்சு. பேர கவனிச்சீங்களா, கருடா, ஹன்சா, ராஜாளி, ராமநாதபுரத்துல பருந்து, மும்பைல ஷிக்ரா, எல்லாம் பறவை. ராஜாளின்னும் பருந்துன்னும் தமிழ் பேரு கேக்கும்போது எனக்கு அப்பவும் சந்தோஷம், இப்பவும் சந்தோஷம்.

வேலிக்கு வெளிய இருந்தவங்கள்ட்டயும் கேளுங்க, இத பெரும்பாலும் யாரும் செய்யறதில்ல. டியு 142 ராஜாளில இருந்த காலத்துல அரக்கோணத்த சுத்தி இருக்கற கிராமத்துல வளந்தவங்க யாருக்கும் அந்த சத்தம் மறக்காது. நாலு இஞ்சின், ஒவ்வொரு இஞ்சின்லயும் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா எதிரெதிரா சுத்தற ரெண்டு ப்ரொப்பெல்லர், மொத்தம் எட்டு, அது ஏறும்போது காதுல கேக்கறதுக்கு முன்னாடி நெஞ்சுல அதிரும். ஏரிக்கரைல மாடு மேச்ச ஒரு பாட்டி எனக்கு சொன்னாங்க, பெரிய கழுகு கெளம்பினா எரும எல்லாம் தலைய தூக்கும், வீட்ல அலமாரி பாத்திரம் கிணுகிணுன்னும், புள்ள தூங்காதுன்னு. இருவத்தொம்பது வருஷம் பறந்துட்டு 2017 மார்ச் 29ல அது ஓய்வு பெற்றது, அந்த வேலைய இப்ப பி8ஐ பாக்குது, அது ஜெட், சத்தம் வேற ஜாதி. 2015 டிசம்பர்ல மெட்ராஸ் வெள்ளத்துல ஏர்போர்ட் மூடினப்ப பயணிகள் விமானம் ராஜாளில வந்து இறங்குச்சே, அப்ப அரக்கோணத்துலேர்ந்து ஜனங்கள ஏத்திட்டுப் போன வேன் டிரைவருங்க இன்னும் ஸ்டாண்ட்லதான் இருக்காங்க, அவங்ககிட்டயும் கதை இருக்குது. ராஜாளில ஹெலிகாப்டர் பைலட்டுங்களுக்கு ட்ரெய்னிங் ஸ்கூல் இருக்கறதால சேத்தக் சத்தம் இந்தப் பக்கத்துப் புள்ளைங்களுக்குத் தாலாட்டு மாதிரி. மேலேர்ந்து பாத்தா வடக்க நகரி மலையோட மூக்கு, அத வச்சே திசை தெரியும், அந்தக் காலத்துல கடல்ல கப்பல்காரனே அத அடையாளமா வச்சிருந்தான்னு சொல்வாங்க, எங்க வீட்டு மாடிலேர்ந்தே அது தெரியுது.

போட்டோ விஷயத்துல நான் பட்டத சொல்லிடறேன். கொச்சி மெஸ், ஓணம் சாப்பாடு, ப்ளேன் முன்னாடி நின்னு ஸ்குவாட்ரன்காரங்க குடுத்த குரூப் போட்டோ எல்லாம் ஒரு ஆல்பம், ஸ்கேன் பண்ணித் தரேன்னு சொன்ன ஒரு ஸ்டுடியோல நம்பிக் குடுத்தேன், கட மாறிப் போச்சு, ஆல்பமும் போச்சு, மூணு தடவ அலைஞ்சு பாத்துட்டு வந்தேன். இன்னிக்கும் மனசு ஆறல. அதனால ஒரிஜினல யாருக்கும் குடுக்காதீங்க. ஜன்னல் ஓரமா, வெயில் நேரா படாத எடத்துல, போட்டோவ தரையில வச்சு மொபைல நேர் மேல புடிச்சு நீங்களே எடுங்க, ஃப்ளாஷ் வேண்டாம், பளபளப்பு அடிக்கும். பின்பக்கம் எழுதியிருந்தா அதையும் எடுங்க. எடுத்த உடனே அப்பாகிட்ட காட்டி யாரு யாருன்னு எடதுலேர்ந்து வலதா கேட்டு எழுதிடுங்க, அத நாளைக்குன்னு தள்ளாதீங்க. இருக்கறவங்க பேர வெளிய போடணும்னா அவங்கள கேட்டுட்டுப் போடுங்க.

எல்லாம் எழுதி முடிச்சதும் கடைசி வேல ரீட்பேக். டவர் ஒரு உத்தரவு குடுத்தா பைலட் அத அப்படியே திருப்பிச் சொல்லணும், தப்பா சொன்னா டவர் அங்கயே திருத்தும், அதுக்கப்புறம்தான் ப்ளேன் நகரும். நீங்களும் எழுதினத அவருக்கே சத்தமா படிச்சுக் காட்டுங்க, கையில குடுத்து படிக்கச் சொல்லாதீங்க, கண்ணாடி போட்டுக்கிட்டு மரியாதைக்கு நல்லாருக்குன்னு சொல்லிடுவாரு. காதால கேக்கும்போதுதான் "இல்ல இல்ல நில்லு"ன்னு கைய தூக்குவாரு. முடிஞ்சா கூட வேல பாத்த இன்னொருத்தருக்கும் படிச்சுக் காட்டுங்க.

அந்த ஐலண்டர் கதைய நான் போன தைக்கு சோளிங்கர்ல இருக்கற என் ஃப்ரெண்டுகிட்ட படிச்சேன், அவன் அன்னிக்கு க்ராஷ் டெண்டர் டிரைவர். பச்ச லைட் வரைக்கும் அமைதியா கேட்டான், அப்புறம் "டேய், மொதல்ல நீ செவப்பு காட்டின"ன்னான். இல்லடான்னேன். "காட்டின, நிலையா செவப்பு, இன்னும் சுத்துன்னு. நான் வண்டிய எடுத்துட்டு ரன்வேய க்ராஸ் பண்ணி அந்தப் பக்கம் நிக்கறதுக்கு வந்துட்டிருந்தேன், நடுவுல இருந்தேன், மேல ப்ளேன பாத்தேன், திரும்பி டவர பாத்தா உன் கையில செவப்பு. அதப் பாத்துத்தான் ஆக்சிலேட்டர மிதிச்சேன்." எனக்கு அது சுத்தமா ஞாபகத்துல இல்ல, ஆனா அவன் சொல்லச் சொல்ல லேம்போட அந்த கலர் மாத்தற விசை விரல்ல தட்டுப்பட்டுச்சு. வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்த அடிச்சுட்டு செவப்ப சேத்து திருப்பி எழுதிட்டேன், ஓரத்துல அவன் அத சொன்ன தேதியும் போட்டு வச்சிருக்கேன்.